பன்னிரண்டு கம்பிக் கிட்டார்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

கையால் செய்த பன்னிரண்டு கம்பிக் கிட்டாரை முதல்முறை முழுச் சுருதிக்கு ஏற்றும்போதுதான் அதன் குறைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். ஆறு கம்பிக் கிட்டாரில் லைட் செட் (மெல்லிய கம்பித் தொகுப்பு) போட்டால் மொத்த இழுவிசை சுமார் 73 கிலோ. பன்னிரண்டில், 0.010 அங்குலத்தில் தொடங்கும் லைட் செட்டுக்கே அது 110 கிலோவைத் தொட்டுவிடும். பெட்டியின் அளவும் பலகையின் தடிமனும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கூடுதலாக வந்த அந்தச் சுமையை எந்தப் பாகம் வாங்கிக்கொள்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கோளாறு நெக்கிலோ (கழுத்து), கம்பிகள் மேல்பலகையில் பூட்டப்படும் பிரிட்ஜிலோ, சுருதியிலோ தெரியும். தெரியும் இடமும் காரணம் இருக்கும் இடமும் பல நேரங்களில் வேறு வேறு.

எதையும் தொடும் முன்

இந்த வேலையில் நான் விடாப்பிடியாக வலியுறுத்துவது ஒன்றைத்தான்: ஒரே அளவை இரண்டு முறை எடுங்கள், கம்பி இறுகியிருக்கும்போது ஒரு முறை, தளர்ந்திருக்கும்போது ஒரு முறை. முழுச் சுருதியில் ஒரு நாள் விட்டுவிட்டு நான்கு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது நெக்கின் வளைவு. பன்னிரண்டு கம்பியில் ஜோடிகளுக்கு நடுவே போதிய இடம் இருப்பதால், நேரான ஸ்டீல் ஸ்கேலை அங்கே ஃப்ரெட்கள் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) மேல் நிறுத்தி, 7-ஆம் ஃப்ரெட்டில் எவ்வளவு இடைவெளி என்று ஃபீலர் கேஜால் (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடு) பாருங்கள். இரண்டாவது, நீளமான ஸ்கேலை ஃப்ரெட்கள் மேல் கிடத்தினால் அதன் முனை பிரிட்ஜில் எந்த உயரத்தில் போய் நிற்கிறது என்பது. மூன்றாவது, பிரிட்ஜுக்குப் பின்னால் மேல்பலகையின் குறுக்கே ஸ்கேலை வைத்தால் தெரியும் மேடு. நான்காவது, பிரிட்ஜின் சாய்வு. கம்பி இல்லாத இறக்கைப் பகுதியில் சிறிய டிஜிட்டல் கோணமானியை வைத்தால் போதும். கிட்டார் மட்டும் அசையக் கூடாது.

பிறகு எல்லாக் கம்பியையும் தளர்த்திச் சில மணி நேரம் விட்டு, அதே நான்கையும் மறுபடி எடுங்கள். இறுகிய நிலையின் எண்ணைவிட, இரண்டு நிலைக்கும் உள்ள வித்தியாசம்தான் பேசும். அறையின் ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஸ்ப்ரூஸ் பலகை ஈரத்தில் உப்பும், வறட்சியில் உள்வாங்கும். மழைநாளில் எடுத்த அளவை வைத்து நெக்கைக் கழற்றுவது வீண்வேலை.

கோளாறு: கம்பி உயரம் நாளுக்கு நாள் ஏறுகிறது

12-ஆம் ஃப்ரெட்டில் தாழ் இ பக்கம் 2.3 மி.மீ., மேல் இ பக்கம் 1.8 மி.மீ. அளவில் இருந்தால் பன்னிரண்டு கம்பி கைக்கு இதமாக இருக்கும். அது 3 மி.மீ.க்கு ஏறிவிட்டால் உடனே பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சாடிலைக் கழற்றித் தேய்க்கத்தான் கை போகும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை அது. காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். எடுத்துவைத்த அளவுகள் அதைப் பிரித்துக் காட்டும்.

நெக்கின் வளைவு மட்டும் அதிகம் மாறி, மற்ற மூன்றும் பெரிதாக மாறாவிட்டால் நெக்தான் வளைகிறது. இறுகிய நிலையில் 0.1 முதல் 0.25 மி.மீ. வரை வளைவு இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கி, சுருதியைச் சரிசெய்து, சிறிது நேரம் பொறுத்து மறுபடி பாருங்கள். ராட் எல்லைவரை இறுகியும் நெக் நிமிரவில்லை என்றால் நெக்குக்கே விறைப்பு போதவில்லை. அடுத்த கிட்டாருக்கு ட்ரஸ் ராடின் இருபுறமும் கார்பன் ஃபைபர் பட்டைகளை இறக்கி ஒட்டிவிடுங்கள். இந்தக் கிட்டாரிலும் அதைச் செய்யலாம், ஆனால் ஃப்ரெட்கள் பதிந்த ஃபிங்கர்போர்டைச் சூடுகாட்டிப் பெயர்த்தெடுக்க வேண்டியிருக்கும்.

நெக் வளையவில்லை, ஆனால் பிரிட்ஜின் சாய்வும் பின்மேடும் அதிகம் மாறுகின்றன என்றால் மேல்பலகை சுழல்கிறது. கம்பி பிரிட்ஜின் தலையை நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பள்ளமிட்ட துண்டு) பக்கமாக இழுக்கிறது; அடிப்பகுதி பலகையோடு ஒட்டியிருக்கிறது; விளைவாகப் பிரிட்ஜுக்குப் பின்னால் மேடும் முன்னால் பள்ளமும் விழும். ஒன்று முதல் இரண்டு டிகிரி வரை சாய்வு மாறுவதில் தவறில்லை. பலகை அசையாமல் ஒலி பிறக்காது. அதைத் தாண்டினால் பெட்டிக்குள் கண்ணாடியும் விளக்கும் விட்டுப் பாருங்கள். மேல்பலகையின் உட்புறம் எக்ஸ் வடிவில் ஒட்டிய தாங்குச் சட்டங்களான எக்ஸ் பிரேஸ் குறுக்கிடும் இடத்தில் அரைவெட்டு இணைப்பின் திறந்த பக்கத்தை ஒரு மரத்துண்டாலோ பசையில் நனைத்த துணிப்பட்டையாலோ மூடியிருக்கிறீர்களா? மூடாமல் விட்டால், பிரேஸின் உயரத்தில் பாதிதான் அங்கே வேலை செய்கிறது. பன்னிரண்டு கம்பியில் அதைப் பலகை மன்னிக்காது. பிரிட்ஜுக்கு நேர் கீழே பலகையின் உட்புறம் ஒட்டிய பிரிட்ஜ் பிளேட் எக்ஸின் இரு கால்களுக்கும் இடையே இடைவெளியின்றிப் பொருந்தியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். மேப்பிளில் 2.5 முதல் 3 மி.மீ. தடிமன், பிரிட்ஜின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் தாண்டும் அகலம் வேண்டும். ஆறு கம்பிக்கான சிறிய பிளேட்டை அப்படியே போட்டிருந்தால் கோளாறின் வேர் அங்கேதான்.

மூன்றாவது சாத்தியம்: வளைவும் சரி, சாய்வும் சரி, ஆனால் இறுகிய நிலையில் நீள ஸ்கேலின் முனை மட்டும் பிரிட்ஜில் தாழ்வாக முட்டுகிறது. அப்படியென்றால் நெக் சேரும் கட்டையே முன்னால் சாய்கிறது, அல்லது நெக் இணைப்பு வாய் திறக்கிறது. ஹீலுக்கும் (நெக் பெட்டியோடு சேரும் அடிக்கட்டை) பெட்டிக்கும் நடுவே மெல்லிய தாளைச் செருகிப் பாருங்கள், தாள் போனால் இணைப்பு. போகாவிட்டால், ஃபிங்கர்போர்டின் இருபுறமும் மேல்பலகையில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, சவுண்ட்ஹோலுக்கு மேலே உள்ள குறுக்கு பிரேஸ் பெயர்ந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

தளர்ந்த நிலையிலேயே ஸ்கேல் பிரிட்ஜின் மேற்பரப்பைவிடத் தாழ்ந்து முட்டினால் அது சுமையின் பிழை அல்ல, நெக்கின் கோணமே பிழை. ஹீலைச் சீவ வேண்டியதுதான். எவ்வளவு என்பதற்குக் கணக்கு எளிது: பிரிட்ஜில் ஸ்கேல் எவ்வளவு உயர வேண்டுமோ அதை ஹீலின் ஆழத்தால் பெருக்கி, நெக் சேருமிடத்திலிருந்து சாடில்வரை உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். 648 மி.மீ. ஸ்கேல் நீளத்தில் (நட்டிலிருந்து சாடில்வரை கம்பி அதிரும் நீளம்) 14-ஆம் ஃப்ரெட்டிலிருந்து சாடில் சுமார் 289 மி.மீ. ஹீல் 90 மி.மீ., முனை 3 மி.மீ. உயர வேண்டும் என்றால் ஹீலின் அடிமுனையில் 0.93 மி.மீ. போக வேண்டும், மேலே போகப் போகக் குறைந்து, பலகையைத் தொடுமிடத்தில் பூஜ்யம். போல்ட் போட்டு இணைத்தவர்களுக்கு இது அரைநாள் வேலை. புறாவால் இணைப்பைப் பசையிட்டவர்கள் நீராவி வைத்துக் கழற்ற வேண்டும். முதல் பன்னிரண்டு கம்பியைச் செய்கிறவர் போல்ட் இணைப்பைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் திடமான கருத்து.

இதெல்லாம் சரியான பிறகுதான் சாடில். 12-ஆம் ஃப்ரெட்டில் அரை மி.மீ. இறங்க, சாடிலில் ஒரு மி.மீ. குறைக்க வேண்டும்.

கோளாறு: பிரிட்ஜின் பின்விளிம்பு தூக்குகிறது

பின்விளிம்பின் ஒரு மூலையில் மெல்லிய தாளைச் செருகி, மறு மூலைவரை மெதுவாக நகர்த்துங்கள். தாள் எங்கெல்லாம் உள்ளே போகிறதோ அங்கெல்லாம் பென்சிலால் தாளிலேயே கோடு போட்டு ஆழத்தைக் குறியுங்கள். சுற்றிலும் ஒரே சீராக ஒரு மி.மீ. போனால் பெரும்பாலும் அது வார்னிஷ் படிமேல் பிரிட்ஜ் உட்கார்ந்ததால் வரும் இடுக்கு. நடுவில் 3 மி.மீ.க்கு மேல் போனாலோ, ஒரு வாரம் கழித்து அதே கோடு தாண்டிப் போனாலோ, பசை விட்டுக்கொண்டிருக்கிறது. கம்பியை உடனே தளர்த்துங்கள். பாதி பெயர்ந்த பிரிட்ஜ் இழுபட்டுப் பறந்தால் ஸ்ப்ரூஸ் நாரையும் பிய்த்துக்கொண்டுதான் போகும்.

இடுக்கில் சூப்பர் குளூவைச் சொட்டுவிடும் பழக்கம் வேண்டாம். அது அடியில் பரவிக் கெட்டியானால், பின்னால் முறையாக ஒட்ட வரும்போது மரத்தையே சுரண்ட நேரும். பிரிட்ஜை முழுவதும் கழற்றுவதுதான் வைத்தியம். சூடேற்றிய மெல்லிய தகட்டைப் பின்மூலையிலிருந்து நுழைத்து, நார் எந்தப் பக்கம் கிழிய முயல்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து முன்னேறுங்கள்.

கழற்றியதும் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அதில் ஸ்ப்ரூஸ் நார் ஒட்டியிருந்தால் பசை பிடித்திருந்தது, சுமைதான் அதிகம். பளபளவென்று வெறும் பசைப்படலம் இருந்தால் பசை பிடிக்கவே இல்லை: கிளாம்ப் போடும் முன் பசை தோலிட்டிருக்கலாம், அல்லது எண்ணெய்ப் பசையுள்ள ரோஸ்வுட்டை ஒட்டும் முன் புதிதாகச் சீவாமல் விட்டிருக்கலாம். மூன்றாவது காரணம் அடிக்கடி கண்ணில் படாமல் போகிறது. மேல்பலகைக்கு மெல்லிய குமிழ் வளைவு உண்டு. பிரிட்ஜின் அடி தட்டையாக இருந்தால் கிளாம்ப் அழுத்தத்தில் ஒட்டும், எடுத்ததும் நிமிரத் துடித்துக்கொண்டே இருக்கும். பலகைமேல் உப்புத்தாளை, சொரசொரப்பு மேலே இருக்கும்படி விரித்து, பிரிட்ஜை அதே இடத்தில் தேய்த்து வளைவைப் பொருத்துங்கள். வார்னிஷைப் பிரிட்ஜின் ஓரத்துக்கு அரை மி.மீ. உள்வரை சுரண்டுங்கள்.

பசையாகத் தோல்பசைதான் என் தேர்வு. 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்து, பிரிட்ஜையும் லேசாகச் சூடாக்கி, விரைந்து கிளாம்ப் போட வேண்டும். இறுகிய பிறகு அது சுமையில் நகராது. சாதாரண வெள்ளைப் பசை நகரும். இத்தனை இழுவிசைக்கு அது ஆகாது.

கோளாறு: வெறும் கம்பி இனிக்கிறது, பிடித்தால் அபஸ்வரம்

பன்னிரண்டு கம்பியின் உயிரே ஜோடிகளின் ஒட்டுறவில்தான் இருக்கிறது. தாழ் இ, ஏ, டி, ஜி நான்குக்கும் பக்கத்தில் ஒரு மேல் ஸ்தாயிக் கம்பி. பி, மேல் இ இரண்டுக்கும் அதே சுருதியில் இரட்டை. வெறுமனே மீட்டும்போது ஒட்டி, ஐந்தாம் ஃப்ரெட்டில் பிரிந்து அலையடித்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள்.

முதல் மூன்று ஃப்ரெட்களில் மட்டும் சுருதி ஏறினால் நட்டின் பள்ளங்கள் ஆழம் போதவில்லை. கம்பியை 3-ஆம் ஃப்ரெட்டில் பிடித்து, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். பின்னால் வெள்ளைத் தாளை வைத்தால் ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஜோடிக்குள் இன்னொரு சூட்சுமம் உண்டு: 0.047 அங்குலக் கம்பிக்கும் 0.027 அங்குலக் கம்பிக்கும் அடிமட்டத்தை ஒன்றாக்கினால் தடித்தது அரை மி.மீ. மேலே துருத்தும். விரல் அதில் முட்டி நின்று, மெல்லியது சரியாக அழுந்தாமல் போகும். மெல்லியதன் பள்ளத்தைத் துளி மேலே விட்டால் விரலுக்கு இரண்டும் கிடைக்கும். முழுவதும் சமமாக்கப் போகாதீர்கள். அப்போது மெல்லியது முதல் ஃப்ரெட்டில் சுருதி ஏறும்.

ஃப்ரெட் ஏற ஏறப் பிழையும் கூடினால் சாடில். ஜோடியில் ஒரு கம்பியை விரலால் தடுத்துவிட்டு, மற்றதன் 12-ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கையும் அதே ஃப்ரெட்டில் பிடித்த சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். பிடித்தது ஏறியிருந்தால் சாடில் தொடுமுனை பின்னால் போக வேண்டும், இறங்கியிருந்தால் முன்னால் வர வேண்டும். பன்னிரண்டையும் தனித்தனியே குறியுங்கள். சுற்றுக்கம்பியான ஜிக்கும் அதன் 0.008 துணைக்கும்தான் வித்தியாசம் பெரிதாக வரும். 3 மி.மீ. சாடிலில் இரண்டையும் திருப்திப்படுத்த இடம் போதாது. 5 மி.மீ. தடிமனுள்ள எலும்புச் சாடிலுக்கு வாய்க்காலை அகலப்படுத்தி, ஒவ்வொரு கம்பிக்கும் தனி முகடு அரத்தால் தேய்ப்பதே வழி.

பன்னிரண்டும் ஒரே அளவில் ஏறியிருந்தால் முகடு தேய்த்துப் பயனில்லை. பிரிட்ஜையே முன்னால் தள்ளி ஒட்டியிருக்கிறீர்கள். வாய்க்காலை அதே மரத்தால் அடைத்துப் பின்னால் புதிதாகத் தோண்டுங்கள்.

கோளாறு: ஜி ஜோடியின் மெல்லிய கம்பி அறுந்துகொண்டே இருக்கிறது

தடித்த கம்பி போட்டால் தாங்கும் என்று தோன்றும். தாங்காது. வெறும் எஃகுக் கம்பி எந்தச் சுருதியில் அறுபடும் என்பதை அதன் தடிமனைவிட நீளமே முடிவு செய்கிறது. கம்பி தடிக்கும்போது வலுவும் கூடுகிறது, தேவைப்படும் இழுவிசையும் அதே விகிதத்தில் கூடுகிறது. 648 மி.மீ. நீளத்தில் அந்த ஜி, அதாவது 392 ஹெர்ட்ஸ், எஃகின் எல்லைக்கு அருகிலேயே நிற்கிறது. சிறு கூர்முனை பட்டாலும் போதும்.

அறுந்த இடத்தைப் பாருங்கள். நட்டில் அறுந்தால் பள்ளத்தின் விளிம்பை 1000 எண் உப்புத்தாளால் மழுக்கி, கிராஃபைட் தடவுங்கள். சாடிலில் அறுந்தால் முகட்டைச் சற்று உருட்டுங்கள். ட்யூனர் தண்டில் அறுந்தால் துளையின் விளிம்பில் பிசிறு இருக்கும். மூன்றும் சரியாக இருந்தும் அறுந்தால் கிட்டாரையே அரைச் சுரம் இறக்கி வைத்து, முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்தும் கவ்வி) போடுங்கள். அரைச் சுரத்துக்கு இழுவிசை சுமார் 11 சதவீதமும் முழுச் சுரத்துக்குச் சுமார் 20 சதவீதமும் குறையும். மேல்பலகைக்கும் அது ஆயுளைக் கூட்டும். இறக்கி வாசிப்பதில் குறைவு ஏதுமில்லை. அமெரிக்க நாட்டுப்புற, ப்ளூஸ் பாடகர் லெட் பெல்லி வாசித்த ஸ்டெல்லா கிட்டார் நீண்ட ஸ்கேல் நீளமும், கம்பிகளைப் பெட்டியின் வால்பக்கம் பூட்டும் டெயில்பீஸும் கொண்டது. வழக்கமான சுருதிக்கு வெகு கீழேதான் அது முழங்கியது.

கோளாறு: பின்வரிசைப் பின்களில் மாட்டிய கம்பிகள் மட்டும் சோகையாக ஒலிக்கின்றன

இரண்டு வரிசைப் பின் (கம்பியின் முனையைப் பிரிட்ஜில் பூட்டும் சிறு முளை) உள்ள பிரிட்ஜில் பின்வரிசைக் கம்பி தூரத்திலிருந்து வருவதால், சாடிலில் அது மடங்கும் கோணம் குறைவு. சாடிலை அழுத்தாத கம்பி ஒலியைக் கடத்தாது, சில நேரம் அங்கேயே இரையவும் செய்யும். பின் துளையிலிருந்து சாடிலை நோக்கிக் கம்பியின் அகலத்துக்குச் சரிவான வாய்க்கால் ஒன்றை ரம்பத்தால் கீறி, ஊசி அரத்தால் உருட்டிவிடுங்கள். கம்பி தாழ்ந்து கிளம்பினால் கோணம் தானாகக் கூடும். கூடவே, கம்பியின் பந்துமுனை பிரிட்ஜ் பிளேட்டில் முட்டி நிற்கிறதா, பின்னின் நுனியில் தொங்குகிறதா என்று கண்ணாடியில் பார்த்துவிடுங்கள்.

கோளாறு: இரைச்சல்

வெறும் கம்பியில் மட்டும் என்றால் நட். கீழ் ஃப்ரெட்களில் என்றால் நெக் அளவுக்கு மீறி நிமிர்ந்திருக்கிறது, ராடைத் தளர்த்துங்கள். 14-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் என்றால் அங்கே மேடு விழுந்திருக்கிறது, ஃப்ரெட்களைச் சமன்படுத்த வேண்டும். ஒரு ஜோடி மட்டும் ஓங்கி மீட்டும்போது சடசடத்தால் இரண்டு கம்பிகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. நட்டில் ஜோடிக்குள் சுமார் 2 மி.மீ. இடைவெளி வேண்டும். அளப்பது கம்பிகளின் மையத்திலிருந்து அல்ல, அவற்றின் பக்கவிளிம்பிலிருந்து என்பது முக்கியம். இல்லையேல் தாழ்ந்த ஜோடிகள் நெருங்கிப்போகும்.

ஒரே ஒரு சுரத்தில், எந்தக் கம்பியில் வாசித்தாலும் இரைந்தால் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது. பன்னிரண்டு ட்யூனரின் மரைகளையும் முதலில் இறுக்குங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மேல்பலகையை விரல் கணுவால் தட்டிக்கொண்டே போங்கள். பிரேஸ் பெயர்ந்த இடத்தில் ஒலி உடைந்து கேட்கும்.

கோளாறு: சுருதி ஏற்றும்போது டிக் என்று தாவுகிறது

நட்டில் கம்பி சிக்குகிறது. ட்யூனர்கள் நீண்டு பரந்திருப்பதால் கம்பிகள் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் திரும்புகின்றன. பள்ளத்தின் பின்பாதியை அந்தத் திசைக்கு ஏற்ப விரித்துத் தேய்த்தால் தாவல் நிற்கும்.

கோளாறு: கட்டுக்கோப்பாக நிற்கிறது, ஆனால் ஒலி எழவில்லை

இழுவிசைக்குப் பயந்து எல்லாவற்றையும் தடிமனாக வைத்தால் வரும் நோய் இது. சாய்வு அளவை எடுத்துப் பாருங்கள்: இறுகியதற்கும் தளர்ந்ததற்கும் அரை டிகிரிகூட மாறவில்லை என்றால் பலகை பூட்டிக் கிடக்கிறது. சவுண்ட்ஹோல் வழியே கைவிட்டு, விரலில் சுற்றிய உப்புத்தாளாலோ சிறிய இழைப்புளியாலோ பிரேஸ்களின் வால்முனைகளைச் சன்னமாக்குங்கள். முதலில் டோன் பார்கள் (எக்ஸுக்குக் கீழே சாய்வாக ஒட்டிய சிறு பிரேஸ்கள்), பிறகு எக்ஸின் கீழ்க்கால்களின் நுனிகள். எக்ஸ் குறுக்கிடும் நடுவைத் தொடவே கூடாது. கொஞ்சம் எடுத்து, சுருதி ஏற்றி, ஒரு நாள் விட்டு, சாய்வை அளந்து, காதாலும் கேட்டு முடிவு செய்யுங்கள். தாழ் ஜோடிகளில் ஒலி விரிந்து வருவதுதான் முதல் அறிகுறி. ஒரு டிகிரியைத் தாண்டியதும் உப்புத்தாளைக் கீழே வைத்துவிடுங்கள்.

கோளாறு: நட்டுக்குப் பின்னால் மயிரிழை விரிசல்

இதற்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. அதே நிமிடத்தில் கம்பிகளைத் தளர்த்துங்கள். ட்ரஸ் ராடுக்காகத் தோண்டிய குழி, பன்னிரண்டு ட்யூனர் துளைகள், நீண்ட ஹெட்ஸ்டாக்கின் நெம்புவிசை மூன்றும் அங்கே சந்திக்கின்றன. விரிசல் புதிதாகவும் சுத்தமாகவும் இருந்தால், மெல்ல விரித்து, சூடான தோல்பசையை உள்ளே நன்றாக இறங்கும்படி செலுத்தி, கிளாம்ப் போட்டால் மரத்துக்கு நிகராகப் பிடிக்கும். விரிசல் ஒட்டுத் துண்டின் கோட்டிலேயே ஓடினால் பழைய பசையை முழுவதும் அகற்றாமல் ஒட்டாதீர்கள். குறுக்கே கிழிந்து பரப்புச் சிறிதாக இருந்தால் பசையை மட்டும் நம்ப முடியாது. ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கத்தில் 2 மி.மீ. மரத்தகட்டை நெக்கின் வளைவோடு சேர்த்து வளைத்து ஒட்டி, விரிசலைத் தாண்டிக் கீழேவரை இறக்குங்கள்.